பூச்சி மாத்திரையால் ரத்தம் ஊறாது

பிள்ளை வெளிறிப்போயிருக்கிறது, தட்டில் போட்ட சோறு அப்படியே கிடக்கிறது, வகுப்பில் உட்கார்ந்தபடியே கண் சொக்குகிறது என்றால் நம் ஊரில் முதலில் எழும் கேள்வி, "பூச்சி மாத்திரை கொடுத்தீங்களா?" என்பதுதான். பாட்டியும் அதையே கேட்கிறார், வகுப்பாசிரியையும் அதையே கேட்கிறார். அரசுக்கும் அதில் நம்பிக்கை அதிகம். 2015 பிப்ரவரி 10 முதல் அந்த நம்பிக்கைக்கென்றே தேசியக் குடற்புழு நீக்க நாள் ஒன்று வந்துவிட்டது. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் தருகிறார்கள். விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு சுற்று உண்டு. மறுநாள் செய்தித்தாளில் இத்தனை லட்சம் பேருக்கு மாத்திரை வழங்கப்பட்டது என்ற எண்ணிக்கை வருகிறது. ரத்தசோகை நீங்கும், படிப்பு ஏறும், வளர்த்தி கூடும் என்ற உறுதிமொழியும் அந்த எண்ணிக்கையோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

நான் மறுப்பது அந்த உறுதிமொழியை. மாத்திரையோடு எனக்குச் சண்டை இல்லை. புழு இருக்கும் குடலில் அது புழுவைக் கொல்கிறது, விலை சொற்பம், பக்கவிளைவு குறைவு. ஆனால் அதன் தலையில் நாம் ஏற்றிவைத்திருக்கும் சுமை வேறு. பள்ளிப் பிள்ளைகளின் சோகைக்குப் பூச்சிதான் முதற்காரணம் என்கிறோம். பூச்சி செத்தால் ரத்தம் தானாக ஊறிவிடும் என்கிறோம். ஆகவே எல்லோரையும் மாத்திரை விழுங்கவைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். இந்த மூன்றில் ஒன்றுகூடக் கணக்குக்கு நிற்காது.

முதலில், எதிர்த்தரப்புக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடலாம். பூச்சிக்கும் சோகைக்கும் உள்ள உறவு யாரோ கட்டிவிட்ட கதை கிடையாது. 1880 வாக்கில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்ட் ரயில் சுரங்கம் தோண்டிய இத்தாலியத் தொழிலாளர்கள் ரத்தமற்று வெளுத்துச் செத்தபோது, காரணம் கொக்கிப்புழு என்று காட்டியவர் எதோர்தோ பெரோன்சித்தோ. அந்தப் புழுவின் குஞ்சு தோலைத் துளைத்துக்கொண்டு உடலுக்குள் போகிறது என்பது 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் கண்டது. நம் காலத்துக்கு நெருங்கி வந்தால், தான்சானியாவின் பெம்பா தீவில் ரெபெக்கா ஸ்டோல்ட்ஸ்ஃபஸ் குழுவினர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. மாத்திரைக் கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சி கிடையாது. அங்கே கடுஞ்சோகையில் 73 சதவீதத்துக்கும், இரும்புக் குறையால் வந்த சோகையில் 35 சதவீதத்துக்கும், மொத்தச் சோகையில் 25 சதவீதத்துக்கும் கொக்கிப்புழு பொறுப்பு என்று அந்த ஆய்வு கணக்கிட்டது.

இந்த மூன்று எண்களில் முதலாவதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மூன்றாவதை நிதானமாகப் படிக்க வேண்டும். பெம்பாவில் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் கொக்கிப்புழு இருந்தது. உலகத்திலேயே புழு மிக மண்டிய இடங்களில் ஒன்று அது. அங்கேயே மொத்தச் சோகையில் முக்கால் பங்குக்குப் புழு காரணம் இல்லை. அப்படியிருக்க, பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ புழு இருக்கும் ஊர்களில் சோகை முழுவதையும் அதன் கணக்கில் எழுதுவது எப்படி நியாயம்?

நாம் "பூச்சி" என்று ஒரே பெயரில் அழைப்பவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. மண் வழியாகப் பரவும் குடற்புழுக்களில் முக்கியமானவை மூன்று. நீளமாக, மண்புழுபோல மலத்தில் வந்து தாயைப் பதறவைக்கும் உருண்டைப்புழு ரத்தம் குடித்து வாழ்வதில்லை. குடலில் கிடந்து சாப்பாட்டில் பங்கு கேட்கிறது, மிகுந்தால் குடலை அடைக்கிறது. சாட்டைப்புழு நூற்றுக்கணக்கில் பெருகினால்தான் சீதபேதியும் ரத்தப்போக்கும் வரும். ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பெடுக்கவைத்துப் பிள்ளையைத் தூங்கவிடாத கீரிப்பூச்சியோ இந்த மூன்றிலேயே சேராது. குடல் சுவரைக் கடித்துத் தொங்கி ரத்தத்தை உறிஞ்சுவது கொக்கிப்புழு மட்டுந்தான். கண்ணுக்குத் தெரிந்து நம்மைப் பயமுறுத்தும் பூச்சி வேறு, கண்ணில் படாமல் ரத்தத்தைக் குறைக்கும் பூச்சி வேறு.

அந்தக் கொக்கிப்புழுவும் எவ்வளவு குடிக்கிறது? நெக்கேட்டர் இனத்துப் புழு ஒன்றால் ஒரு நாளைக்கு இழப்பது ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் ரத்தம். அன்சைலோஸ்டோமா இனம் இதைப்போலப் பல மடங்கு குடிக்கும். நெக்கேட்டரையே எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளையின் குடலில் ஐந்து புழு இருந்தால் நாளொன்றுக்குப் போகும் இரும்பு சுமார் 0.05 மில்லிகிராம். ஒரு பள்ளிக் குழந்தையின் உடல் ஒரு நாளில் உணவிலிருந்து உறிஞ்ச வேண்டிய இரும்பு ஏறத்தாழ 1 மில்லிகிராம். இருபதில் ஒரு பங்கு இழப்பைச் சுமாராகச் சாப்பிடும் பிள்ளையின் உடலே ஈடுகட்டிவிடும். முப்பது புழு என்றால் இழப்பு 0.35 மில்லிகிராம் அளவுக்கு ஏறுகிறது. சாப்பாடு மெலிந்த பிள்ளையை இது மெல்லச் சோகைக்குத் தள்ளும். நூற்றைம்பது புழு என்றால் எந்தச் சாப்பாடும் ஈடுகொடுக்காது. ஆகவே கேட்க வேண்டியது புழு இருக்கிறதா என்று மட்டுமில்லை. எத்தனை இருக்கிறது, தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

புழுக்கள் ஊரார் வயிற்றில் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டு குடியிருப்பதும் இல்லை. சிலர் குடலில் மண்டிக் கிடக்கும், பெரும்பாலோரிடம் ஒன்றிரண்டே இருக்கும். தொற்று உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு இருப்பது லேசான தொற்றுதான். அவர்களுடைய சோகைக்குக் காரணத்தை வேறெங்காவதுதான் தேட வேண்டும்.

கணக்கு இப்படிச் சொல்கிறது. களத்தில் செய்த சோதனைகள் என்ன சொல்கின்றன? உலகெங்கும் நடந்த மருத்துவச் சோதனைகளைத் திரட்டிச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, குடற்புழு நீக்கத்தைப் பற்றிப் பலமுறை மதிப்பாய்வு செய்திருக்கிறது. 2019இல் வந்த பதிப்பு சுமார் 50 சோதனைகளை ஆராய்ந்தது. ஊர் முழுக்கப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து புழு மாத்திரை கொடுப்பதால் உயரம், ஹீமோகுளோபின், அறிவுத்திறன், பள்ளித் தேர்ச்சி, இறப்பு விகிதம் ஆகியவற்றில் முன்னேற்றம் தென்படவில்லை என்பது அதன் முடிவு. அந்தச் சான்றுகளிலேயே பெரியது நம் நாட்டில் நடந்தது. உத்தரப் பிரதேசத்தில் அங்கன்வாடிகள் வழியாகப் பள்ளி வயதுக்கு முந்தைய 10 லட்சம் குழந்தைகளைச் சேர்த்து ஐந்தாண்டுகள் நடத்தி, 2013இல் வெளியான டெவ்டா சோதனை அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல் பெற்ற பகுதிகளில் குடற்புழு குறைந்தது. குழந்தை இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எடையிலும் ஹீமோகுளோபினிலும்கூடச் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை.

இதற்கு மறுமொழியாக எப்போதும் கென்யாவைக் காட்டுவார்கள். பூசியா மாவட்டத்தில் 75 பள்ளிகளில் எட்வர்ட் மிகுவலும் மைக்கேல் கிரெமரும் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. மாத்திரை கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராமல் இருப்பது கால் பங்கு குறைந்தது. அதே பிள்ளைகளை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021இல் வெளியான கட்டுரை, கூடுதலாக இரண்டு மூன்று ஆண்டுகள் மாத்திரை பெற்றவர்கள் மணிக்கு 13 சதவீதம் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்றது. கிரெமருக்கு 2019இல் பொருளாதார நோபல் கிடைத்தது. இந்தப் புகழ்தான் புழு மாத்திரையை மலிவான முதலீடுகளின் பட்டியலில் உச்சியில் ஏற்றிவைத்தது. 2015இல் வேறு ஆய்வாளர்கள் அந்த ஆய்வின் தரவுகளை மறுபடி அலசியபோது பெரும் வாக்குவாதம் மூண்டது. அது இன்றும் ஓயவில்லை.

அந்த வாக்குவாதத்தில் யார் வென்றார் என்று தீர்ப்புச் சொல்லாமலே இதற்குப் பதில் சொல்ல முடியும். பூசியாவில் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் ஏதாவதொரு புழுத் தொற்று இருந்தது. அங்கே கிடைத்த பலனைப் புழு குறைவான ஊருக்கு அப்படியே எடுத்துப்போக முடியாது. அதைவிட முக்கியம், அந்த ஆய்வு வருகைப் பதிவேட்டில் கண்ட முன்னேற்றத்தைத் தேர்வு மதிப்பெண்ணில் காணவில்லை. பிள்ளைகளின் ஹீமோகுளோபினிலும் மாற்றம் மிகச் சிறிதாகவே இருந்தது. அந்த ஆய்வு எதையெல்லாம் நிரூபித்தது என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். மாத்திரை சோகையைப் போக்கும் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

"புழு உள்ளவர், இல்லாதவர் எல்லோரையும் கலந்து சராசரி எடுத்தால் பலன் கரைந்துதானே போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்விதான். புழு மண்டிய பிள்ளைக்கு மாத்திரை நன்மை செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. பலன் சிலருக்கு மட்டும் கிடைத்து, ஊர்ச் சராசரியில் கரைந்து போகிறதென்றால், ஊரில் சோகைப்பட்டிருக்கும் பெரும்பாலான பிள்ளைகளின் நோவுக்கு வேர் அந்தப் புழுவில் இல்லை என்றுதானே ஆகிறது.

வெளிநாட்டு ஆய்வெல்லாம் எதற்கு என்பவர்கள் நம் அரசின் எண்களையே பார்க்கலாம். சத்தீஸ்கரில் குடற்புழுத் தொற்று 2016இல் 74.6 சதவீதமாக இருந்து 2018இல் 13.9 சதவீதமாகக் குறைந்தது என்று மத்திய சுகாதார அமைச்சகம் பெருமையோடு அறிவித்தது. பெருமைப்பட வேண்டிய சாதனைதான். அதே மாநிலத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் சோகை உள்ளவர்கள், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்றில் 41.6 சதவீதம், ஐந்தாம் சுற்றில் 67.2 சதவீதம். நாடு முழுவதற்கும் எடுத்தால் 58.6 சதவீதம் 67.1 ஆனது, தமிழ்நாட்டில் 50.7 சதவீதம் 57.4 ஆனது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு மாத்திரையால் சோகை கூடியது என்று யாராவது சொன்னால் அது அபத்தம். கணக்கெடுப்பில் அளந்தது பள்ளி செல்லாத சின்னக் குழந்தைகளை. விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தில் அளந்ததால் எண்கள் சற்று மிகையாக இருக்கலாம் என்ற விமர்சனமும் நியாயமானதே. நான் கேட்பது ஒன்றுதான். புழு இவ்வளவு சரிந்தபோது, புழுவால் வந்ததாகச் சொல்லப்பட்ட சோகை கொஞ்சமாவது சரிந்திருக்க வேண்டாமா? அது சரியவில்லை என்றால், இரண்டையும் நாம் கட்டிய முடிச்சு தளர்வானது என்றாவது ஒப்புக்கொள்ள வேண்டாமா?

சரி, புழு இல்லையென்றால் வேறென்ன காரணம்? இதற்கும் நம் நாட்டிலேயே நல்ல தரவு இருக்கிறது. 2016 முதல் 2018 வரை நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தது. 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகச் சோகை இருந்தது. அதே வயதில் இரும்புக் குறை 17 சதவீதம், பி12 குறை 17 சதவீதம், ஃபோலேட் குறை 28 சதவீதம். ரத்தம் ஊற இரும்போடு பி12, ஃபோலேட் இரண்டும் வேண்டும். கொக்கிப்புழுவைக் கொன்றால் மிஞ்சுவது கொஞ்சம் இரும்பு. பாலும் முட்டையும் மீனும் கறியும் எட்டாத தட்டுக்கு எந்தப் புழு மருந்தும் பி12 கொண்டுவந்து தராது.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. அது ஒன்றே இந்த வழக்கை முடித்துவைக்கும். வளரிளம் பருவத்தில் பெண் பிள்ளைகளில் 40 சதவீதம் பேருக்குச் சோகை, ஆண் பிள்ளைகளில் 18 சதவீதம் பேருக்கு. ஒரே ஊர், ஒரே மண், ஒரே பள்ளி, ஒரே நாளில் விழுங்கிய ஒரே மாத்திரை. சொல்லப்போனால் செருப்பில்லாமல் வயலிலும் மைதானத்திலும் அதிகம் அலைபவன் பையன்தான். புழுதான் தலையாய காரணம் என்றால் அவன் அல்லவா அதிகம் வெளிறியிருக்க வேண்டும்? மாதவிடாய் தொடங்கியதும் பெண்ணுக்கு இரும்புத் தேவை ஏறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020இல் வகுத்த பரிந்துரையில் 10 முதல் 12 வயதுப் பையனுக்கு நாளொன்றுக்கு 16 மில்லிகிராம், அதே வயதுப் பெண்ணுக்கு 28 மில்லிகிராம். தேவை இரட்டிப்பை நெருங்கும் அந்த வயதில்தான் பல வீடுகளில் அவள் கடைசியில் சாப்பிடவும், மீந்ததைச் சாப்பிடவும் பழக்கப்படுகிறாள். இதற்கு மருந்து அல்பெண்டசோல் அட்டையில் இல்லை.

பரம்பரையாக வரும் சோகையும் உண்டு. அரிவாள் அணுச் சோகை இந்தியாவில் முதன்முதலில் 1952இல் கண்டறியப்பட்டதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடந்தான். அந்தச் சோகையுள்ள பிள்ளையின் ரத்த அணுக்கள் பிறவியிலேயே சீக்கிரம் சிதைபவை. அவனுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டு முகம் தெளியும் என்று காத்திருப்பது அவன் வாழ்நாளை வீணடிப்பது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் மலேரியா இதே வேலையைச் செய்கிறது. வெளிறிய முகம் பல நோய்களின் பொது அடையாளம். ஒரே விடையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு அந்த முகத்தைப் பரிசோதிக்கவே தோன்றாது.

இப்போது, பூச்சி செத்தால் ரத்தம் தானாக ஊறும் என்ற இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம். நிஜமாகவே கொக்கிப்புழுவால் சோகைப்பட்ட பிள்ளையையே எடுத்துக்கொள்வோம். 25 கிலோ எடை, உடம்பில் சுமார் 1,900 மில்லிலிட்டர் ரத்தம், ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் 9. இந்த மூன்று கிராம் பள்ளத்தை நிரப்ப ஏறத்தாழ 190 மில்லிகிராம் இரும்பு ரத்தத்தில் புதிதாகச் சேர வேண்டும். முப்பது புழுவையும் மாத்திரை கொன்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சமாவது நாளுக்கு 0.35 மில்லிகிராம். அந்த மிச்சம் முழுவதும் ரத்தத்துக்கே போனாலும் பள்ளம் நிரம்ப ஒன்றரை ஆண்டு ஆகும். பானையின் ஓட்டையை அடைத்தாயிற்று, நல்லது. தண்ணீர் யார் ஊற்றுவது?

அந்த ஒன்றரை ஆண்டு அவகாசமும் அவனுக்குக் கிடைப்பதில்லை. ஒரு வேளை அல்பெண்டசோல் கொக்கிப்புழுத் தொற்றை ஐந்தில் நால்வரிடம் தீர்க்கிறது; சாட்டைப்புழுவைப் பத்தில் மூவரிடம் மட்டுமே. தீர்ந்ததும் திரும்பி வருகிறது. மருந்துக்குப் பிறகான மறுதொற்றைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான கணக்குப்படி, ஓராண்டு முடிவில் உருண்டைப்புழு பழைய அளவில் 94 சதவீதத்துக்கும், கொக்கிப்புழு 57 சதவீதத்துக்கும் மீண்டுவிடுகின்றன.

ஏன் மீள்கின்றன என்பதில்தான் பள்ளியோடு நின்றுவிடும் திட்டத்தின் பெரிய ஓட்டை தெரிகிறது. உருண்டைப்புழு பிள்ளைகளிடம் அதிகம், வயது ஏற ஏறக் குறையும். கொக்கிப்புழுவோ வயதோடு சேர்ந்து ஏறுகிறது. தமிழ்நாட்டில் அதிகம் காணப்படுவது இந்தக் கொக்கிப்புழுதான். வெறுங்காலோடு சேற்றில் இறங்கி நாற்று நடும் அம்மாவிடமும், காட்டு வேலைக்குப் போகும் அப்பாவிடமும் புழு இருக்கிறது. மாத்திரை பிள்ளைக்கு மட்டும் போகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பங்கேற்ற டீவார்ம்3 ஆய்வு 2017இல் ஜவ்வாது மலையையும் திமிரியையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு, எல்லா வயதினருக்கும் மருந்து கொடுத்தால் தொற்றுச் சங்கிலி அறுமா என்று சோதித்ததற்குக் காரணம் இதுவே.

மருந்து கொடுத்து, மண்ணை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்குப் புதிய பாடம் அல்ல. 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தேயிலைக் காட்டில் உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து போன கூலித் தொழிலாளர்கள். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. அவர்கள் குடியிருந்த லயத்தில் கக்கூஸ் இல்லை, கக்கூஸ் கட்டப் பணம் செலவழிக்கத் துரைமார்களுக்கு மனம் இல்லை. மருந்து குடித்தவர் மறுபடி அதே மண்ணில்தான் கால் வைத்தார், புழுவும் மறுபடி ஏறியது. நூறாண்டு கழித்தும் நாம் கைக்கொண்டிருப்பது அந்த வைத்தியத்தின் மலிவான பாதியைத்தான்.

முழு வைத்தியம் எப்படி இருக்கும் என்பதற்குத் தென்கொரியா உதாரணம். அங்கே 1971இல் நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பில் 84.3 சதவீதம் பேரின் மலத்தில் புழு முட்டைகள் இருந்தன. 1997இல் அது 2.4 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் மலத்தையும் ஆண்டுக்கு இருமுறை சோதித்தார்கள், புழு உள்ளவருக்கு மருந்து கொடுத்தார்கள். வயலுக்கு மனிதக் கழிவை எருவாக இடுவது நின்றது, கழிப்பறை வந்தது, வீட்டில் வசதி வந்தது. மாத்திரையைத் தனியாகப் பிரித்து, இதுதான் சாதித்தது என்று அங்கே யாரும் மாலை போட முடியாது.

கழிப்பறை கட்டினால் தீர்ந்துவிடும் என்று நான் இன்னொரு ஒற்றை மருந்தைத் தூக்கிப்பிடிக்க வரவில்லை. ஒடிசாவில் கிராமங்களில் கழிப்பறையுள்ள வீடுகளை 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்த்திப் பார்த்த சோதனை ஒன்று 2014இல் வெளியானது. வயிற்றுப்போக்கும் குறையவில்லை, புழுவும் குறையவில்லை. பல கழிப்பறைகள் பாதியில் நின்றன. நின்றவற்றில் பலவற்றை வீட்டார் எல்லோரும் பயன்படுத்தவில்லை. கட்டிய எண்ணிக்கையை எண்ணுவதும் விழுங்கிய எண்ணிக்கையை எண்ணுவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். இரண்டிலும் பிள்ளையின் உடம்பில் என்ன மாறியது என்று யாரும் பார்ப்பதில்லை.

"மாத்திரை மலிவு, கெடுதல் இல்லை, கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்பது கடைசியாக வரும் வாதம். கொடுப்பதால் ஒன்றும் குறையாது. கொடுத்ததோடு கடமை முடிந்தது என்ற மூன்றாவது நம்பிக்கையால்தான் குறைகிறது. புழு நீக்க நாளன்று ஆசிரியர், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் எல்லோரும் பதிவேட்டோடு ஓடுகிறார்கள். அந்த ஆண்டுக்கான பிள்ளைகளின் ஆரோக்கியம் அந்தப் பதிவேட்டில் நிறைவேறிவிட்டதாக மேலே அறிக்கை போகிறது. வாராந்திர இரும்புச்சத்து மாத்திரைக்கு இந்த ஆரவாரம் கிடையாது. 5 முதல் 9 வயதுக்கு இளஞ்சிவப்பு, அதற்கு மேல் நீலம் என்று அதற்கும் திட்டம் இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மலம் கறுக்கும், பிள்ளைகள் வாயில் அடக்கிவைத்து ஜன்னலுக்கு வெளியே துப்பும். வாரத்துக்கு ஒன்று என்பது சோகை வராமல் தடுக்கும் அளவு. சோகை வந்துவிட்ட பிள்ளைக்குத் தினமும், மாதக்கணக்கில், எடைக்கேற்ற அளவில் இரும்பு கொடுத்து, பிறகு ரத்தத்தைச் சோதித்து ஏறியதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் எந்தப் பிள்ளைக்குச் சோகை என்று தெரிய வேண்டும். கேட்காமலே எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுத்துப் பழகிய அமைப்புக்கு அது தெரிவதில்லை.

இந்தப் பூச்சிக் கொள்கை இவ்வளவு செல்வாக்கோடு இருப்பதற்கு அதன் வசதியும் ஒரு காரணம். குற்றவாளி பிள்ளையின் வயிற்றுக்குள்ளேயே இருந்துவிடுகிறான். மண்ணில் விளையாடினாய், கை கழுவவில்லை, இனிப்பு தின்றாய், அதனால் பூச்சி வந்தது என்று பிள்ளையைத் திட்டலாம், தாயைத் திட்டலாம். இனிப்பால் பூச்சி வராது. மலம் கலந்த மண்ணால் வரும். அந்த மண்ணைச் சுத்தம் செய்வது எட்டு வயதுப் பிள்ளையின் வேலை இல்லை, பஞ்சாயத்தின் வேலை. தட்டில் பருப்பும் கீரையும் முட்டையும் மீனும் இருக்கிறதா என்பது கூலியையும் ரேஷனையும் சத்துணவையும் சேர்ந்த கேள்வி. பூச்சியைக் குற்றம் சாட்டினால் இந்தக் கேள்விகள் எதற்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை ஒன்றும் புதிரானவை அல்ல. மாவட்டவாரியாக மலப் பரிசோதனை செய்து, எந்தப் புழு, எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். கொக்கிப்புழு மண்டிய மலைக் கிராமங்களிலும் வயல் கிராமங்களிலும் மாத்திரை பிள்ளைகளோடு நிற்காமல் பெரியவர்களுக்கும் போக வேண்டும். புழு அரிதான ஊர்களில் அந்த நாளின் ஆள்பலத்தை ரத்தப் பரிசோதனைக்குத் திருப்பலாம். ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையின் ஹீமோகுளோபினையும் ஆண்டுக்கு ஒருமுறை அளந்து, குறைந்தவருக்கு முழு வைத்தியம் கொடுத்து, மூன்று மாதத்தில் மறுபடி அளக்க வேண்டும். இரும்பு கொடுத்தும் ஏறாத பிள்ளையை பி12 குறைக்கும் பரம்பரைச் சோகைக்கும் சோதிக்க வேண்டும். சத்துணவில் பருப்பு, கொண்டைக்கடலை, கீரை போடும் நாளில் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்பு கூடுதலாக உடம்பில் ஒட்டும். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் அதே இரும்பைப் பறித்துக்கொள்ளும் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்வதற்குச் செலவே இல்லை. பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தனிக் கவனம் வேண்டும்.

மாத்திரையைத் தொடர்ந்து கொடுங்கள். அதன் வெற்றியைப் புழு குறைந்ததா என்பதில் மட்டும் அளந்துகொள்ளுங்கள். சோகையை ஒழிப்பதாக அதன் பெயரில் அறிக்கை எழுதுவதை நிறுத்துங்கள். அடுத்த பிப்ரவரியில் இத்தனை லட்சம் மாத்திரை விழுங்கவைத்தோம் என்று ஓர் அதிகாரி சொல்லும்போது, அந்த லட்சங்களில் எத்தனை பேரின் ஹீமோகுளோபின் சென்ற பிப்ரவரியைவிட ஏறியிருக்கிறது என்று கேட்க வேண்டியது பெற்றோரும் பத்திரிகையும் சட்டமன்றமும்தான். அந்த எண்ணைச் சொல்ல முடியாத துறைக்கு, சோகையைக் குறைத்தோம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை கிடையாது.